குதிரையை வெளியே எடுத்தால் மட்டும் போதுமா?

கல்லடியில் சனிக்கிழமை காலைகளில் சதுரங்கம் பழக வரும் புதிய பிள்ளைகளுக்கு முன்னால், பலகையோடு ஒரு கைப்பிடி புளியங்கொட்டையையும் வைப்பது என் வழக்கம். பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும், கிடைவரிசைகளுக்கு வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்ணும் உண்டு. வெள்ளைக் குதிரையை ஓரத்திலுள்ள எச்3 கட்டத்தில் நிறுத்தி, அது தாவக்கூடிய கட்டங்களிலெல்லாம் கொட்டை வைக்கச் சொன்னால் நான்குடன் வேலை முடிந்துவிடும்; அதையே எஃப்3 இல் நிறுத்தினால் எட்டுக் கொட்டைகள் வேண்டும், அவற்றுள் இரண்டு டி4, இ5 என்னும் நடுக்கட்டங்களில் விழும். "ஓரத்தில நிண்டா குதிரைக்குப் பாதிக் கால்தானே சேர்" என்றாள் ஒரு சிறுமி. அதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மந்திரிகளுக்கு (பிஷப்) முன் குதிரைகளை வெளிக்கொணர வேண்டும் என்று, அப்போது உலக சம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் 1895 இல் லண்டனில் ஆற்றிய விரிவுரைகளில் அறிவுறுத்தினார். எதிராளி எப்படி ஆடினாலும் குதிரைக்குரிய நல்ல கட்டம் பெரும்பாலும் எஃப்3 தான். மந்திரி சி4 க்குப் போவதா, பி5 க்குப் போவதா என்பதோ எதிராளியின் பதிலைப் பார்த்தே தெளிவாகும். ஆனால் சிப்பாயை டி4 க்கு நகர்த்தித் தொடங்கும் ஆட்டங்களில், சி வரிசைச் சிப்பாயை நகர்த்துமுன் குதிரையை சி3 இல் வைத்தால், அந்தச் சிப்பாயின் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

இப்போது என்னைக் கவலைப்படுத்துவது கைத்தொலைபேசிக் காணொளிகளில் பிள்ளைகள் பழகிவரும் பொறிகள். வலயமட்டப் போட்டியொன்றில் என் மாணவன் ஒருவன் கறுப்புக் காய்களுடன் ஆடினான். வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி இ4 இ5 (சிப்பாய்கள்), குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 என்று ஆட்டம் வந்ததும், அதே குதிரையை மீண்டும் எடுத்து டி4 இல் வைத்தான். வெள்ளைக் குதிரை ஆசைப்பட்டு இ5 சிப்பாயை வெட்டினால் கறுப்பு ராணி ஜி5 க்கு வரும். பிறகு அந்த வெள்ளைக் குதிரை எஃப்7 ஐயும் வெட்டினால், ராணி ஜி2 இல் புகுந்து, ஏழாவது நகர்வில் கறுப்புக் குதிரையே எஃப்3 இல் மேற் (அரசன் தப்ப வழியில்லாத தாக்கு) வைத்துவிடும். முதலிரண்டு சுற்றுகளில் அப்படித்தான் வென்றான். மூன்றாம் சுற்றில் வந்த பிள்ளை இ5 ஐத் திரும்பியும் பாராமல், டி4 இல் நின்ற குதிரையையே வெட்டிவிட்டு, அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றும் காஸ்லிங் செய்துகொண்டது. கறுப்பின் நான்கு நகர்வுகள் முடிந்திருந்தன. எஞ்சிய கறுப்புக் காய்களில் ஒன்றுகூடப் பின்வரிசையை விட்டு நகரவில்லை.

குதிரையை இரண்டாம் முறை தொடவே கூடாது என்பதல்ல. மேற்சொன்ன நிலையில் கறுப்பு மூன்றாவது நகர்வில் குதிரை எஃப்6 என்று ஆட, வெள்ளைக் குதிரை ஜி5 க்குத் தாவி, அரசன் மட்டுமே காக்கும் எஃப்7 ஐக் குறிவைப்பதுண்டு. அப்போது கறுப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ளும். வெள்ளை அதை வெட்டியதும், சி6 குதிரையை ஏ5 க்கு, அதாவது ஓரத்துக்கே, அனுப்புவதுதான் பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம். அங்கிருந்து அது சி4 மந்திரியைத் தாக்குகிறது. ஒரு சிப்பாயை இழந்தாலும் மற்றக் காய்களை விரைவாக வெளியே எடுக்கக் கறுப்புக்கு நேரம் கிடைக்கிறது. மாறாக, டி5 சிப்பாயைக் குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7 இல் தன்னைப் பலிகொடுத்து அரசனை வெளியே இழுத்துவிடும்.

ஆகவே இப்போது பிள்ளைகளின் குறிப்புத்தாளில், முதற் பத்து நகர்வுகளுக்குள் ஒரே காய் மறுபடி நகர்ந்த இடங்களிலெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, அதற்குரிய காரணத்தை அவர்களையே அருகில் எழுதச் சொல்கிறேன். அந்த மாணவன் மூன்றாம் சுற்றுத் தாளில் எழுதியது: "அவர் வெட்டுவார் எண்டு நினைச்சன்."