எல்லாம் வல்ல: சொல்லும் அதன் எல்லையும்

பினாங்கில் பழைய பிட் ஸ்திரீட் வட்டாரத்தில் மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அம்மனையும் அல்லாஹ்வையும் தமிழர் அழைப்பது ஒரே அடைமொழியில்: 'எல்லாம் வல்ல'. தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'சர்வ வல்லவர்' என்பார்கள். 'சர்வ' வடசொல், 'வல்ல' தமிழ். 'வல்' என்பது வலிமை மட்டுமன்று, செய்யத் தெரிந்த திறமும்கூட. வள்ளுவர் 'சொலல்வல்லன்' என்றது அந்தத் திறத்தைத்தான்.

"தன்னாலேயே தூக்க முடியாத கல்லைக் கடவுள் படைப்பாரா?" தேவார வகுப்பில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் அதட்டி உட்கார வைக்கக் கூடாது. நல்ல கேள்வி அது. விடைக்கு வேண்டிய சொற்கள் நம்மிடமே உண்டு: முயற்கொம்பு, மலடி மகன். இரண்டையும் 'இல்லாத பொருள்' என்று ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். ஆனால் முயலுக்குக் கொம்பு முளைத்தால் அது அதிசயம், அவ்வளவே. மலடிக்கு மகன் பிறந்தால் அவள் மலடியே அல்லள்; சொல் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. மதுரையில் கல்யானை கரும்பு தின்றதாகத் திருவிளையாடல் சொல்வது முதல் வகை. எதையும் தூக்க வல்லவன் தூக்க முடியாத கல்லோ இரண்டாம் வகை. அங்கே படைப்பதற்கு ஒரு பொருளே இல்லை.

ஒன்றை உண்டென்றும் இல்லையென்றும் ஒருசேரச் சொல்வது ஆற்றலுக்குள் அடங்காது என்றார் 11ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ், 'கடவுளால் முடியாது' என்பதைவிட 'அது நடக்கக்கூடியதன்று' என்பதே பொருத்தம் என்றார். பிரெஞ்சுத் தத்துவஞானி டேகார்ட் மட்டும் 1630ஆம் ஆண்டுக் கடிதங்களில் கணித உண்மைகளும் இறைவன் ஆணையே, அவன் நினைத்திருந்தால் அவற்றை வேறாகவும் ஆக்கியிருக்கலாம் என்று வாதிட்டார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. முரணும் இயலும் என்றால் 'காப்பேன்' என்ற வாக்கும் 'காக்கமாட்டேன்' என்பதும் சேர்ந்தே மெய்யாகிவிடும். பிறகு எதை நம்பிக் கும்பிடுவது?

முரணைச் சேர்க்காத இந்த ஆற்றலைச் சொல்லத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது. 9ஆம் குறளின் 'எண்குணத்தான்' (எட்டுக் குணங்கள் உடைய இறைவன்) என்ற சொல்லுக்கான உரையில் பரிமேலழகர் 'முடிவில் ஆற்றல் உடைமை' என்கிறார். இங்கே 'இல்' இன்மையைக் குறிக்கும். கடைசியில் வரும் ஆற்றல் என்று படித்துவிடக் கூடாது. இன்றைய நடைக்கு 'முடிவிலா ஆற்றல்' பொருந்தும். 'எல்லாம்' என்றதும் மனம் செயல்களைப் பட்டியல் போடத் தொடங்குகிறது, மலடி மகனையும் அதில் சேர்க்கிறது. 'முடிவிலா ஆற்றல்' ஆற்றலின் தன்மையைச் சொல்கிறது. வழிபாட்டில் 'எல்லாம் வல்ல' அப்படியே இருக்கட்டும். சித்தாந்த வகுப்பிலும் கட்டுரையிலும் 'முடிவிலா ஆற்றல்' என்றே எழுதுவோம்.