94 என்று காட்டினால் ஒயரைப் பாருங்கள்

திருச்சியில் என் மச்சான் வீட்டில் 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 300 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு. மாடி அறை லேப்டாப்புக்கு ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் காலையில் 94, மதியம் 94, ராத்திரி 94. இணைப்புக்காரர்களோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். "என்ன மாப்ள, முன்னூறுன்னு சொல்லி ஏமாத்துறாங்களா? டவுன்லோடு பண்ணா பதினொண்ணுதான் காட்டுது."

பதினொன்றில் குற்றமில்லை. டெஸ்ட் காட்டுவது பிட் கணக்கு, டவுன்லோடு காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 94-ஐ 8-ஆல் வகுத்தால் 11 சொச்சம். விஷயம் அந்த 94-இல்தான் இருக்கிறது. நெரிசலால் குறையும் வேகம் ஏறி இறங்கி ஆடும். நாள் முழுக்க ஒரே எண்ணில் நின்றால் எதிலோ தலை முட்டுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கூரை 100. ஈதர்நெட் ஒயரில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு முழுப் பொட்டலம் ஒயரில் அடைக்கும் இடம் 1538 பைட். முகவரி, சரிபார்ப்பு, அடுத்த பொட்டலத்துக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் போக நமக்கு மிஞ்சுவது 1460 பைட், பல சமயம் 1448. 100-இல் அந்த விகிதத்தை எடுத்தால் 94 சொச்சம் வந்து நிற்கிறது.

அப்படியானால் 300 எங்கே 100 ஆனது? அந்த ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால், இரு முனையிலும் உள்ள சிப்புகள் கிகாபிட்டை முயன்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் நிற்பதில்லை, அதனால் யாரும் ஒயரைச் சந்தேகிப்பதில்லை. மச்சான் வீட்டில் கட்டிலின் கால் ஒயர் மேல் ஏறி நின்றிருந்தது. புது ஒயர் போட்டதும் 280 தாண்டியது. சில ரவுட்டர்களில் ஒரு துளைதான் கிகாபிட், மற்றவை 100. எனவே கடைக்குப் போகும் முன் துளையை மாற்றிச் செருகிப் பாருங்கள், காசு மிச்சமாகலாம்.

வைஃபையில் எண் இப்படி விறைத்து நிற்காது. ஆனாலும் குறிப்பு கொடுக்கும். பழைய லேப்டாப்பில் வேகம் 40-ஐச் சுற்றி ஆடினால், அது வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனாவோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஏட்டில் அதன் உச்ச வேகம் 72. மீதியைக் காற்று தின்கிறது. அலைவரிசைக்குள் பிரித்து வைத்த பாதைதான் சேனல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். காற்று காலியா என்று காது கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, அனுப்பி, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். கொல்லைப்புற அறையில் சிக்னல் செத்து 6 எம்பிபிஎஸ்ஸில் தடவும் போன் ஒன்று இருந்தால் இன்னும் மோசம். 72-இல் போகும் பொட்டலத்தை அனுப்ப அதற்குப் பன்னிரண்டு மடங்கு நேரம். அதுவரை வீடே வாய்மூடி நிற்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சிக்னலின் அகலமோ 20. ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11. பக்கத்து வீட்டுக்காரர்கள் 1-லும் 6-லும் இருக்கிறார்கள், 3 காலியாக இருக்கிறதே என்று அதில் போய் உட்காருகிறவர்கள் உண்டு. அதைவிட 1-லேயே சேர்ந்துகொள்ளலாம். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசுவார்கள். 3-இல் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல்.

5 கிகாஹெர்ட்ஸ் அகலமான சாலை. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 லேப்டாப்புக்கு ஏட்டளவில் பொதுவாக 866 வரை கிடைக்கும். ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது 2.4-ஐவிட அதிகம் வலுவிழக்கிறது. இரும்பு பீரோ இரண்டையுமே மறிக்கும். ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது நம் வீடுகளில் ஏன் இவ்வளவு பிரபலம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் 2.4-ஐயே பிடித்துத் தொங்கக்கூடும். விண்டோஸில் வைஃபை ப்ராப்பர்டீஸைத் திறந்தால் எதில் இருக்கிறது என்று தெரியும்.

டெஸ்டில் எண் சரியாக வந்தும் வீடியோ கால் திக்குகிறதா? அது வேறு நோய். எங்கள் வீட்டு லைன் 30 எம்பிபிஎஸ். யாராவது போனைச் சார்ஜில் போட்டதும் அன்றைய படங்கள் பேக்கப்புக்காக இணையத்துக்கு ஏறத் தொடங்கும். ரவுட்டர் எதையும் தவறவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசையில் 2 மெகாபைட் தேங்கினால் வடிய அரை வினாடிக்கு மேல் ஆகும். என் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பின் தடுமாற்றத்தைத் துருவப் போய் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தை வெளியிட்டார்கள். வரிசையில் காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காமல் நீடித்தால், அது வேண்டுமென்றே சில பொட்டலங்களைக் கீழே போடும். போட்டது தெரிந்ததும் அனுப்பும் கருவி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் ரவுட்டரில் அந்த வசதி இல்லை. ஆகவே கால் முடியும்வரை போன்களில் பேக்கப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி வீட்டில் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.