இரத்தத்தில் உள்ள சர்க்கரை குழந்தையின் மூளைக்குப் போய்ச் சேருகிறதா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய், வலிப்பு நோயுள்ள தன் நான்கு வயது மகளைச் சென்ற ஆண்டு என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) எட்டாம் மாதத்தில் தொடங்கிய வலிப்பு இரண்டு மருந்துகள் கொடுத்தும் நிற்கவில்லை, நடை தள்ளாடியது, பேச்சும் வயதுக்கேற்ப வரவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குறையேதும் இல்லை. அந்தத் தாய் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வலிப்பு வந்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது: 6.10, 6.40, 5.55. "காலையில வெறும் வயித்துலதான் மேடம் வருது. ரெண்டு இட்லி உள்ள போச்சுன்னா நல்லா நடக்குறா" என்றார். முன்பு பார்த்த மருத்துவமனையிலும் இதைச் சொல்லியிருக்கிறார். இரத்தச் சர்க்கரை சரியாக இருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரத்தத்தில் சர்க்கரை இருப்பது வேறு, அது மூளைக்குள் போவது வேறு. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தையின் மூளைக்குத் தேவை இன்னும் அதிகம். ஆனால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், குளுக்கோஸ் கசிந்து உள்ளே செல்ல வழியில்லை. செல் சவ்வோ கொழுப்பாலானது, நீரில் கரையும் சர்க்கரையை எளிதில் விடாது. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் க்ளூட்-1 என்ற கடத்துப் புரதமே குளுக்கோஸுக்கு வாசல். 492 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம் சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. இரத்தப் பக்கம் திறந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடி, மறுபக்கம் திறந்து விடுகிறது. அதற்குப் பின், நரம்பணுக்கள் தம் சவ்விலுள்ள க்ளூட்-3 என்ற இன்னொரு கடத்துப் புரதத்தின் வழியாகக் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன.

க்ளூட்-1 புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே இத்தகைய வாசல்களில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். இந்தக் கடத்தல் செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கே நடப்பதால், சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை ஏறும்போது மூளைக்குள்ளும் சற்றுக் கூடுதலாகப் போகிறது. இரவு முழுவதும் உண்ணாதிருந்த விடியற்காலையில் குறைந்துவிடுகிறது. அந்தத் தாயின் தாள்கள் சொன்னது இதைத்தான். இந்த க்ளூட்-1 குறைபாட்டை 1991-இல் அமெரிக்கக் குழந்தை நரம்பியல் மருத்துவர் டேரில் டி விவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதன்முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றம். ஆகவே எந்தக் குடும்பத்தின் மீதும் பழி சொல்ல இடமில்லை.

இதைக் கண்டறிய முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்க வேண்டும். "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காம போயிடும்" என்று அஞ்சிக் கையெழுத்திட மறுப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழேதான் ஊசி செல்கிறது என்பதைப் படம் வரைந்து காட்டிய பிறகே பலர் சம்மதிக்கிறார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருந்து, முதலில் இரத்தச் சர்க்கரையை எடுத்துவிட்டுப் பின்னர் திரவத்தை எடுப்பது முறை. இரத்தச் சர்க்கரையில் சுமார் 60 சதவீதம் திரவத்தில் இருப்பது இயல்பு. இக்குழந்தைக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 92 மில்லிகிராம், அதே அளவு திரவத்தில் 33 மட்டுமே. மூளைக் காய்ச்சலிலும் திரவத்தின் சர்க்கரை குறையும் என்றாலும், இங்கே கிருமித் தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை. பின்னர் மரபணுப் பரிசோதனையும் இதை உறுதி செய்தது.

இதற்குச் சிகிச்சை, கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் உணவு. கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் எம்.சி.டி.-1 என்ற வேறொரு கடத்துப் புரதத்தின் வழியாக மூளைக்குள் நுழைந்து, குளுக்கோஸுக்கு மாற்று எரிபொருளாகின்றன. சோறும் இட்லியும் போய், தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டை ஆகியவற்றைக் கிராம் கணக்கில் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பாட்டி ஆசையோடு ஊட்டும் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கலும், சர்க்கரை கலந்த இருமல் சிரப்பும்கூட இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சிக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. உடலால் கொழுப்பை ஆற்றலாக மாற்ற முடியாத சில பிறவிக் கோளாறுகளில் இந்த உணவே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே இதை யாரும் யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்கிவிடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபீனோபார்பிட்டோன், வால்ப்ரோயேட் ஆகிய வலிப்பு மருந்துகள் க்ளூட்-1 புரதத்தின் வேலையைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுவதால் இக்குழந்தைகளுக்குத் தவிர்க்கப் பார்க்கிறோம். அவற்றையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தினால் வலிப்பு கடுமையாகும். காபி, டீயில் உள்ள காஃபீனும் அப்புரதத்தைத் தடுக்கும்.

வலிப்புள்ள குழந்தைகளில் மிகச் சிலருக்கே இக்குறைபாடு இருக்கும். ஆயினும் வெறும் வயிற்றில் வலிப்போ தள்ளாட்டமோ கூடி, சாப்பிட்டதும் தணிந்தால், கைக்குழந்தையின் கண்களும் தலையும் திடீர் திடீரென ஒருசேர வெட்டி வெட்டித் திரும்பினால், ஓடியாடிய பிறகு கைகால்கள் முறுக்கிக்கொண்டால், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து எழுதி, முடிந்தால் செல்போனில் வீடியோவும் எடுத்து, குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவு தொடங்கிய மூன்றாம் வாரத்தில் அச்சிறுமிக்கு வலிப்பு நின்றது. இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாள். பேச்சு மட்டும் இன்னும் இரண்டு மூன்று சொற்களைத் தாண்டவில்லை. இந்த உணவை எட்டாம் மாதத்திலேயே தொடங்கியிருந்தால் எவ்வளவு பேசியிருப்பாள் என்று அவள் தாய் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வருகிறார்கள்.