நாடற்றவர் வேறு, அரசற்றவர் வேறு

மூன்றாவது முறையும் பார்த்துவிட்டேன், இனிப் பொறுப்பதற்கில்லை. முதலில் ஒரு மாத இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் பார்த்தேன். அடுத்து ஓர் ஆவணப்படத்தில், திரையின் அடியில் ஓடிய எழுத்தில். சென்ற மாதம் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த புகைப்படக் கண்காட்சியில், ஆளுயரப் படம் ஒன்றின் கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘வங்கதேசத்தின் அரசற்ற பீகாரி அகதிகள்’. மொத்தம் நான்கு சொற்கள், அவற்றில் மூன்று தவறு.

படத்தைக் குறை சொல்ல மாட்டேன். டாக்காவின் முகம்மதுபூர் பகுதியில் உள்ள ஜெனிவா முகாம் அது. ஒரே அறை, அறையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டில், கட்டிலின் மேல் மூன்று தலைமுறை, கட்டிலின் கீழ் சட்டி பானை. எடுத்தவர் அவசரப்படாமல் எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவ்வளவு பொறுமையாக எடுத்த படத்துக்கு அரை நிமிடத்தில் பெயர் சூட்டிவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்தக் கட்டிலில் இருப்பவர்கள் யார்? 1946 பீகார் கலவரத்துக்கும் 1947 பிரிவினைக்கும் பிறகு, இன்று வங்கதேசமாகியிருக்கும் கிழக்கு வங்காளத்துக்குப் போன உருது பேசும் முஸ்லிம்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ரயில்வேயிலும் சணல் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் பலர். சையத்பூர் ரயில் பட்டறையைச் சுற்றி அவர்களுக்கு ஓர் ஊரே இருந்தது. 1952 வங்க மொழிப் போராட்டத்தில் தொடங்கிய விரிசல் 1971 வங்கதேச விடுதலைப் போரில் பிளவானது. அவர்களுள் ஒரு பகுதியினர் பாகிஸ்தான் படையோடு நின்றனர். பழி எல்லோர் தலையிலும் விழுந்தது. வீடும் வேலையும் போயின. ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட செஞ்சிலுவைச் சங்கம் கூடாரம் போட்டுக் கொடுத்தது. ஜெனிவா என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1973 டெல்லி ஒப்பந்தத்துக்குப் பின் ஏறத்தாழ 1,70,000 பேரைப் பாகிஸ்தான் அழைத்துக்கொண்டது. மற்றவர்களுக்குக் கதவு அடைபட்டது. பாகிஸ்தான் ஏற்கவில்லை, வங்கதேசமும் ஏற்கவில்லை. இந்த நிலைக்குத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்லெஸ்’ என்று பெயர். தமிழில் நாடற்றவர்.

சொல்லின் பிறப்பில் மர்மம் ஏதும் இல்லை. நாடு, அறு என்னும் வினையடியில் பிறந்த ‘அற்ற’, பலர்பால் ஈறு, முடிந்தது. 1954-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை தரும் இலக்கணமும் சுருக்கமானதே: எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமகன் என்று கருதாத ஒருவர். இந்த இலக்கணத்தைப் படித்த பிறகும் ஒருவருக்கு ‘அரசற்றவர்’ என்று எழுதக் கை வருகிறது என்றால், அவர் படித்தது அகராதியை மட்டும்தான்.

அகராதியில் ‘ஸ்டேட்’ என்பதற்கு எதிரே நாடு, அரசு, மாநிலம், நிலை என்று நான்கு சொற்கள் நிற்கும். கணினிக்காரர்கள் நான்காவதை எடுத்து ‘நிலையற்ற’ என்கிறார்கள்; அவர்கள் துறைக்கு அது சரி. மூன்றாவதை எடுத்து ‘மாநிலமற்ற மக்கள்’ என்று ஓர் இயந்திர மொழிபெயர்ப்பு எனக்குக் காட்டியது, இயந்திரத்தை மன்னித்துவிட்டேன். மனிதர் ஒருவர் உட்கார்ந்து யோசித்து இரண்டாவதை எடுப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் ‘அரசற்ற’ என்பதற்குத் தமிழ்க் காதில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. அராஜகம் என்ற வடசொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அ, ராஜ. அரசன் இல்லாமை. அதைத் தமிழாக்கியவர்கள்தாம் ‘அரசின்மை’, ‘அரசற்ற நிலை’ என்றெல்லாம் எழுதினார்கள். ஆக ‘அரசற்றவர்’ என்று படிக்கும் ஒருவருக்கு என்ன தோன்றும்? ஒன்று, ஆளுவோர் இல்லாத கூட்டம். அல்லது, அரசே வேண்டாம் என்று கொடிபிடிக்கும் கூட்டம். ஜெனிவா முகாமின் ஆட்களோ பல ஆண்டுகளாக ஏதாவது ஓர் அரசு எங்களைத் தன் ஆள் என்று சொல்லாதா என்று மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள். தலைகீழ்.

இதை ஒரு மொழிபெயர்ப்பாள நண்பரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. “அவர்களுக்கு நாடு இருக்கிறதே ஐயா. பிறந்தது டாக்காவில், வளர்ந்தது டாக்காவில். இல்லாதது அரசின் அங்கீகாரம்தானே? அப்படியானால் அரசற்றவர் என்பதுதானே நுட்பம்? வங்காளியில்கூட ராஷ்ட்ரஹீன் என்றுதான் சொல்கிறார்கள்” என்றார். நல்ல கேள்வி என்பதால் இரண்டு நாள் யோசித்தேன்.

யோசித்ததில் கிடைத்தது இது. வங்காளியின் ராஷ்ட்ரமும் நம் அரசும் ஒன்றல்ல. ராஷ்ட்ரம் என்றால் அவர்களுக்கு நாடு என்னும் சட்ட அமைப்பு. ஆட்சிக்கு அவர்களிடம் சர்க்கார் என்று தனிச்சொல் இருக்கிறது. நமக்கு அரசு என்றால் முதலில் ஆட்சி, அப்புறம்தான் மற்றதெல்லாம். அரசு மருத்துவமனை, அரசுப் பேருந்து, அரசு ஊழியர் என்று வரும் அந்த அரசு முகாம்களில் இல்லாமல் இல்லை. கணக்கெடுக்க வந்தது, நிவாரணம் கொடுத்தது, பிறகு நிறுத்தியது, காவலரை அனுப்பியது. அரசின் கை படாத நாள் அங்கே இருந்திருக்காது. இல்லாமல் போனது உரிமை; ‘இவன் எங்கள் நாட்டான்’ என்ற ஒரு வரி. நாட்டான் என்றுதானே சொல்கிறோம்? அரசான் என்று யாரும் சொல்வதில்லை.

‘நாடிலி’ என்று புதிதாக வார்க்கும் அணி ஒன்றும் உண்டு. அறிவிலி, மதியிலி வரிசையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால் வசவு போல ஒலிக்கிறது. இலி ஈறு தமிழில் பெரும்பாலும் குறை சொல்லத்தான் வருகிறது. பறிகொடுத்தவரைப் பார்த்து அப்படி அழைப்பது நியாயமில்லை.

குடியுரிமையற்றவர் என்ற சொல்லில் எனக்குச் சண்டை இல்லை. சட்டக் கட்டுரைக்கு அதுவே தெளிவு. ஆனால் படத்தின் கீழே போட்டால் தாலுகா அலுவலகப் பலகை போல இருக்கும். நாடற்றவர் என்பதிலும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை: தானாக அற்றுப்போனது போன்ற தொனி. அறுத்தவர் யார் என்று அந்தச் சொல் சொல்லாது.

ஆனாலும் நான் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அது எந்தச் சொல்லாக்கக் குழுவும் மேசையில் உட்கார்ந்து செய்த சொல் அல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை ஒரே வீச்சில் வெளியே தள்ளியபோது, லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் என்றது ஒன்றரை லட்சம் மனிதர்களை. அந்த ஆண்டுகளில் மலையகத்தில் புழங்கிய சொல் இது. படிவத்தில் எழுதினார்கள், மேடையில் பேசினார்கள், வசவாகவும் கேட்டார்கள். டாக்காவின் ஒரு நிலையைச் சொல்ல நமக்கு நுவரெலியாவிலிருந்து வந்த சொல் கையில் இருக்கிறது. அதைக் கீழே போட்டுவிட்டு அகராதியைப் புரட்டுவானேன்?

அடுத்தது அகதி. கதி இல்லாதவர் என்பது சொற்பொருள். அடைக்கலம் தேடி எல்லை தாண்டி வந்தவர் என்பது வழக்கு. எல்லை தாண்டியது தாத்தா, 1947-இல். பேத்தி முகாமின் சந்தில் பிறந்தவள். அவள் எங்கிருந்து எங்கே வந்த அகதி? நம் ஊரில் முகாம் என்றால் இலங்கைத் தமிழர் வந்து தங்கிய மண்டபம் முகாம் நினைவுக்கு வருவதால், முகாம் என்று எழுதிய கை அடுத்து அகதி என்று தானே எழுதிவிடுகிறது. தமிழ்நாட்டில் அந்த முகாம்களின் பெயரையே 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியாயிற்று.

அகதி வடசொல் என்று தள்ளி ‘ஏதிலி’ போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏதும் இல்லாதவர் என்று நினைத்துப் போடுகிறீர்கள். ‘ஏதிலார் குற்றம்போல்’ என்று வள்ளுவர் சொன்னது அயலாரை. அந்த வழியில் போனால் நீங்கள் கொடுத்த பெயருக்கு அயலான் என்று பொருள். ‘நீ அயலான்’ என்பதுதானே ஐம்பது ஆண்டாக அவர்களிடம் சொல்லப்பட்டது? தூய தமிழில் திரும்பவும் சொல்ல வேண்டுமா?

பீகாரி என்பது அங்கே எல்லோரும் சொல்கிற பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. டாக்காவின் மீர்பூரில் பெனாரசிப் புடவை நெய்கிறவர்களின் முன்னோர் காசியிலிருந்து போனவர்கள்; அவர்களும் அங்கே பீகாரிகள். வாய்க்குள் இகழ்ச்சியோடு வரும் சொல் அது என்று அவர்களே சொல்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. பீகாரி என்றதும் நமக்குத் தோன்றுவது கட்டட வேலைக்கு ரயிலேறி வந்த இளைஞர். கண்காட்சியில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு மாணவர் தன் தோழனிடம், “பீகாரிலிருந்து எதற்கு வங்கதேசத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்?” என்று கேட்டார். அவர் மேல் என்ன தப்பு?

‘சிக்கித் தவிக்கும் பாகிஸ்தானியர்’ என்ற பெயரையும் சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். பாகிஸ்தானுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் போராடிய அந்தத் தலைமுறை தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. வங்காளியில் ‘ஆட்கே போடா’, அதாவது மாட்டிக்கொண்ட, என்பார்கள். பாகிஸ்தான் உருதுவில் ‘மஹ்சூர்’, முற்றுகையில் அகப்பட்டவர் என்பார்கள். மாட்டிக்கொண்டவனுக்கும் முற்றுகையில் இருப்பவனுக்கும் எவ்வளவு தூரம்! நம் ‘சிக்கித் தவிக்கும்’ இரண்டையும் விட்டுவிட்டு மழைவெள்ளச் செய்திக்குள் போய்விட்டது.

ஒரு திருத்தத்தை நானே எனக்கும் செய்துகொள்ள வேண்டும். 2003-இல் ஜெனிவா முகாமைச் சேர்ந்த பத்துப் பேர் தொடுத்த வழக்கில் டாக்கா உயர் நீதிமன்றம் அவர்கள் வங்கதேசக் குடிமக்களே என்றது. 2008 மே மாதத் தீர்ப்பு அதை முகாம்களின் மற்ற உருது பேசுவோருக்கும் விரித்து, வாக்காளர் பட்டியலில் சேர்த்து அடையாள அட்டை கொடுக்கச் சொன்னது. மலையகத்தில் எஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் நிறைவேற்றியதும் அதே 2003-இல்தான். ஆகவே இன்றைய படத்தின் கீழே சட்டப்படி ‘நாடற்றவர்’ என்றுகூட எழுதக் கூடாது. 2008-க்கு முந்தைய படமென்றால் எழுதலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் கிரெக் கான்ஸ்டன்டைன் பல ஆண்டுகள் அலைந்து நாடற்றவர்களைப் படமெடுத்து, 2015-இல் ‘நோவேர் பீப்பிள்’ என்ற தலைப்பில் நூலாக்கினாரே, அத்தகைய படங்களில் ஆண்டும் இடமும்தான் சொல்லைத் தீர்மானிக்கும். ஆண்டைப் பார்க்காமல் பெயரை ஒட்டினால் தீர்ப்பு வந்ததே தெரியாதவர்கள் ஆகிவிடுவோம்.

தீர்ப்பு வந்ததால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. வாக்குச் சீட்டு கிடைத்தது. முகாம் முகவரியைக் காட்டினால் பாஸ்போர்ட்டுக்கு இழுபறி. 2014 ஜூன் மாதம் மீர்பூரின் கால்ஷியில் முகாம் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டு ஒரே குடும்பத்தின் ஒன்பது பேர் வெந்து இறந்தார்கள். அன்று துப்பாக்கிச் சூட்டில் இன்னொருவர். குடிமக்கள்தாம், ஆனால் முகாமில் இருக்கும் குடிமக்கள். இன்றைய தலைமுறை தன்னை ‘உருது பேசும் வங்கதேசத்தவர்’ என்கிறது. அந்தப் பெயரையே எழுதினால் என்ன? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் தமிழ்நாட்டவரை நமக்குத் தெரியாதா, புரியாமல் போவதற்கு?

கண்காட்சியின் பெயர்ப்பலகையில் ‘விழிப்புணர்வுப் புகைப்படக் கண்காட்சி’ என்று வேறு இருந்தது. ஹெல்மெட்டுக்கு விழிப்புணர்வு, டெங்குவுக்கு விழிப்புணர்வு, இப்போது ஜெனிவா முகாமுக்கும். அவர்களை நம் கண்ணில் காட்ட வந்த படங்கள் அவை. காண வாருங்கள் என்றால் போதாதா?

முகாம் என்ற சொல்லை மட்டும் நான் தொடவில்லை. அது அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. மகாம், தங்கும் இடம். நாம் அதை ஒரு நாள் கூத்துக்கு வைத்திருக்கிறோம்: கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், மாலையில் ஷாமியானாவைப் பிரித்துவிடுவார்கள். உருதுக்காரர்கள் அந்த இடத்தை இன்று ‘கேம்ப்’ என்கிறார்கள். அவர்கள் மொழிச் சொல்லை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் சுருக்கி அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி, பலகையைத் திருத்திவிட்டோம் என்று படமும் அனுப்பியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ‘வங்கதேசத்தின் நாடிலி பீகாரி ஏதிலிகள்’.