பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் செபம் ஆகிவிடாது

"சாமி, நாள் முழுக்க ஆண்டவரோடதான் இருக்கேன். ஆனா அவரு எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரியே இருக்கு." இந்த வாரமும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாவசங்கீர்த்தனத்தில், குருவான என்னிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அது என்னோடு மண்ணுக்குள் போகும். இது கோயில் வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டே, நாலு பேர் காதுபடச் சொன்னது. இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாள் முழுக்க என்றால் எப்படி என்று விசாரித்தேன். எழுந்ததும் யூடியூபில் செபமாலை. சமைக்கும்போது பாட்டு. ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய பிரசங்கம். நடுநடுவே வாட்ஸ்அப் செபக்குழுக்கள்: இந்தக் குழுவில் வந்த வசனத்தை அந்தக் குழுவுக்கு அனுப்பி, ஆமென் போட்டு, கைகூப்பும் படமும் போட்டாக வேண்டும். ராத்திரி இயர்போனோடு தூக்கம்.

சரிம்மா, இதில் நீங்கள் எப்போது அவரிடம் பேசினீர்கள்?

எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாட்டு கேட்பது தப்பில்லை. வசனம் அனுப்புவதும் தப்பில்லை. (அனுப்பியது என்ன வசனம் என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறீர்கள், அது வேறு கதை.) ஆனால் ஆண்டவரைப் பற்றி இன்னொருவர் பேசுவதைக் கேட்பது வேறு, அவரோடு இருப்பது வேறு. கடலுக்குப் போன புருஷன் கரைக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, அவரைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசுவதை ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பீர்களா?

ஏன் பாட்டை அணைக்க முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்தால் வட்டிக்காரர் ஞாபகம் வருகிறது. இலங்கைச் சிறையில் இருக்கும் தம்பி ஞாபகம் வருகிறது. வரட்டும். ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதே அதுதான். அதை மூடி வைக்கத்தான் பாட்டு போடுகிறீர்கள், அப்புறம் அவர் தூரமாகிவிட்டார் என்கிறீர்கள்.

அடுத்தது, நேரமில்லை என்ற சாக்கு. ஆண்கள் இந்தச் சாக்கை என்னிடம் சொல்ல வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. படகைப் பழுது பார்க்கிறீர்கள், வலை கட்டுகிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். மீதி நேரம்? படகு நிழலில் ஃபோனும் கையுமாகத்தானே இருக்கிறீர்கள்? தடைக்காலத்தில் பெண்களுக்கு வேலை கூடத்தான் செய்கிறது, வீட்டில் நாள் முழுக்க ஆள் இருப்பதால்.

மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் கூட்டம். தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுப்போம் என்று இயேசு சீடர்களோடு படகேறுகிறார். கூட்டம் கரையோரமாகவே ஓடி முன்னாலேயே போய் நிற்கிறது. அவர் எரிந்து விழவில்லை. போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டார், எல்லாரையும் அனுப்பிவைத்தார், அப்புறம் செபிக்க மலைக்குப் போனார். அவருக்கே திட்டம் கலைந்தது. உங்கள் பிள்ளை நடுவில் அழுதால் எழுந்து போங்கள், பாவமில்லை. ஆனால் அவரைப் போலத் திரும்பி வாருங்கள்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றித்தான் கடலில் இறங்குவார்கள். கரையேறியதும் அவர் தனியாக உட்கார்ந்து துணியை அவிழ்ப்பார். ஒரு விரல் அவிழ்ந்தால் ஒரு பிள்ளை பேர், அடுத்த விரலுக்குச் சொசைட்டிக் கடன், அதற்கடுத்து முழங்கால் வலி. உப்பில் ஊறி இறுகின முடிச்சு, சீக்கிரம் அவிழாது. அவ்வளவு நேரம்தான் அவருடைய செபம். நானாகப் பத்து ஆண்டு படித்தாலும் இதைவிட நல்ல முறையைச் சொல்லித்தர முடியாது.

ஆகவே: பத்து நிமிடம் போதும். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும், சைலண்டில் போட்டு மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் ஏமாற்று வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால்தான் செபம் பலிக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் தினம் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேளுங்கள். ராத்தொழில் முடித்து வந்தவர் முதலில் தூங்கட்டும். சாகவேண்டும் என்று சூரைச்செடிக்கடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். தூக்கமே வராமல், அழுகை அடங்காமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, அப்படிச் சொல்லி யாரையும் புண்படுத்தாதீர்கள். பாம்பன் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே இயர்போனில் செபமாலை சொல்லும் தம்பிமாரே, அந்தக் காற்றில் ரோட்டைப் பாருங்கள், ஆண்டவர் காத்திருப்பார்.

புருஷன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பத்து நிமிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள். மனைவிக்கு வேறு யாரும் அந்த நேரத்தைத் தரமாட்டார்கள்.

வீட்டில் இடமே இல்லை என்பவர்களுக்காக மத்தியானம் கோயிலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். ஃபேன் போட்டுக்கொள்ளலாம். சார்ஜர் கொண்டுவராதீர்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்களே, அந்த நேரத்தில் மைக் செட் டெஸ்ட் பண்ண வேண்டாம்.