உணவு முறையா, உணவுத் தொகுதியா?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூரிலிருந்து வெருகல் போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், வினாக்கொத்தோடு வந்திருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், "உங்கள் கிராமத்தின் உணவு முறை எப்படி இருக்கிறது?" என்று வாசித்துக் கேட்டார். முன்வரிசையில் இருந்த மூதாட்டி, "காலமைக்கு ரொட்டி, மகள்; பகலைக்குச் சோறு, இரவைக்குக் கூடுதலாப் புட்டு" என்றார். அந்த விடை அப்படியே படிவத்தில் ஏறியது. படிவம் கேட்க நினைத்தது வேறு என்பது அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிழை மூதாட்டியிடம் இல்லை. வினாவில் இருந்த சொல்லில்தான் இருந்தது. ஒரு கிராமத்தின் 'லோக்கல் பூட் சிஸ்டம்' பற்றிய 'அசெஸ்மென்ட்', 'பிளானிங்' என்று ஆங்கிலத்தில் வரும் வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கு கேள்வி.

'பூட் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் வழங்குவது, ஒருவர் வேளைக்கு வேளை உண்பதைக் குறிக்கும் சொல்லன்று. விதை, நிலம், நீர், உழைப்பு, அறுவடை, ஆலை, களஞ்சியம், போக்குவரத்து, சந்தை, அடுப்பு, எஞ்சிய கழிவு ஆகியவற்றையும், இவற்றை ஆளும் விலை, கடன், சட்டம் முதலியவற்றையும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகக் காணும் கருத்து அது. 2021 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை இப்பொருளில் ஓர் உச்சிமாநாட்டையே நடத்தியது. நம்மவர் மொழிபெயர்ப்புகளில் இது உணவு முறை, உணவு முறைமை, உணவு அமைப்பு எனப் பலவாறு வருகிறது. 'உணவு முறை' என்றால் தமிழில் சாப்பாட்டுப் பழக்கந்தான். 'அமைப்பு' என்றால் இங்கே கமக்காரர் அமைப்புப் போலத் தலைவரும் செயலாளரும் உள்ள ஒரு சங்கமே நினைவுக்கு வரும். 'முறைமை' அவ்வளவு மோசமில்லை; ஆயினும் ஒழுங்கு, வழக்கம் என்ற பழம்பொருள் அதனை விட்டு நீங்கவில்லை.

சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, சூழற்றொகுதி என்று இலங்கைப் பாடநூல்களில் படித்து வளர்ந்த நமக்கு 'உணவுத் தொகுதி' என்பதே இயல்பாகப் பொருந்தும். 'சிஸ்டம்' என்பதன் கிரேக்க மூலத்துக்குச் சேர்த்து நிறுத்துதல் என்பது பொருள். நம்முடைய 'தொகு' என்ற வினையும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. மூதூர்த் தொகுதி, சேருவில தொகுதி என்று தேர்தலை நினைப்பவர்கள் இருக்கக்கூடும். ஆனால் முன்னே 'உணவு' நிற்கும்போது வாக்குச்சீட்டு யாருக்கும் நினைவுக்கு வராது.

சொல் புதிது, கருத்து புதிதன்று. 'உண்' என்ற வேரிலிருந்து உணா, ஊண், உண்டி, உணவு எல்லாம் பிறந்தன. தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்துக்கு அடுத்து 'உணா'வை வைத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய உணவு உண்டு என்று கொள்கிறது. புறநானூற்றின் 18ஆம் பாடலோ, பாண்டியன் நெடுஞ்செழியனை நீர்நிலை பெருக்கத் தூண்டுமிடத்தில், 'உணவெனப் படுவது நிலத்தொடு நீரே' என்று ஒரே அடியில் வரைவிலக்கணம் தந்துவிடுகிறது. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமத்து வயல்களைப் பார்த்தவருக்கு இந்த அடிக்கு உரை வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் 'உள்ளூர்' என்ற அடைமொழி. நம் கிராமங்களின் காலை ரொட்டி கோதுமை மாவில் ஆனது. அந்த மா திருகோணமலைச் சீனக்குடாவிலுள்ள ஆலையில் அரைக்கப்பட்டதாயிருக்கலாம். ஆனால் கோதுமை கடல் கடந்து கப்பலில் வந்தது. அந்த ரொட்டி உள்ளூர் உணவா? கிண்ணியாவின் எருமைத் தயிர்ச் சட்டியில் ஐயத்துக்கு இடமில்லை என்று நினைப்போம். மேய்ச்சல் தரை சுருங்கினால் அதற்கும் கேள்வி வரும். இந்தப் பிணைப்பு நன்றாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அறும்போதுதான் தெரியும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயலில் விழுந்த அடி, அரிசி விலையாகச் சமையலறைக்கு வந்தது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி உள்ளூருக்குள் மீன் விற்பவரின் பிழைப்பும் அவரை நம்பியிருந்த வீடுகளின் கறியும் ஒன்றாக நின்றன. எனவே 'உள்ளூர்' என்பதை விளைந்த இடம் என்று மட்டும் கொள்ளாமல், அந்த ஊரார் எட்டிப் பிடிக்கவும் திருத்தவும் கூடிய பகுதி என்று கொள்வதே பயனுள்ளது என்பது என் கருத்து.

'அசெஸ்மென்ட்' என்பதற்குக் 'கணிப்பீடு', 'மதிப்பீடு' இரண்டும் வழங்குகின்றன. பாடசாலைக் கணிப்பீடு நமக்குப் பழகியது. எனினும் அதில் எண்ணிக்கையின் சாயல் கூடுதல். மதித்தல் என்பதிலோ அளவிடுதலும் உண்டு, மரியாதையும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'அருகே அமர்தல்' என்று பொருள்படுவது. வரி விதிப்பவரின் வழியாக அது இன்றைய பொருளுக்கு வந்தது. கிராமத்துக்குப் போகிறவர் வரிக்காரரைப் போலல்லாமல் அருகே அமர்பவராகப் போவதாயின் 'மதிப்பீடு' என்ற சொல் பொருந்தும். 'திட்டமிடல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும், நீர் திறக்கும் திகதியையும், மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதியையும் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடித் தீர்மானிப்பது திட்டமிடலே. அதில் ஆலைக்காரரும் மீன் விற்பவரும் அடுப்படியில் நிற்கும் பெண்களும் இருப்பதில்லை. தொகுதி என்ற சொல் அவர்களையும் உள்ளே கூப்பிடுகிறது.

ஆக, இத்தகைய வேலைக்கான ஆவணத்தின் தலைப்பில் 'கிராமிய சமூகத்தின் உள்ளூர் உணவுத் தொகுதி: மதிப்பீடும் திட்டமிடலும்' என்று எழுதலாம். மண்டபத்தில் அதை வாசிக்க வேண்டாம். அங்கே, "ரொட்டிக்கு மா எங்க வாங்குறீங்க அம்மா, நெல்லை எங்க குத்துறீங்க, போன மாரியில பாதை வெள்ளத்துக்குள்ள நிண்டப்ப என்ன சமைச்சீங்க?" என்று கேட்டால் போதும்.