சாப்பிடாமல் கழுவிய தட்டு

மலையேறும் மாணவர்களிடம் பல வருடங்கள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். "எல்லாரும் ஓகேயா?" முப்பது தொண்டையிலிருந்தும் ஒரே பதில் வரும்: "ஓகே மேடம்!" அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக நடையைத் தொடர்வேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனும், அவன் சாப்பிடாமலே கழுவி வைத்த ஒரு தட்டும்தான் காரணம்.

நான் மதுரையில் பொது மருத்துவர். கல்லூரி மாணவர்களின் மலையேற்றக் குழுக்களோடு மருத்துவராகப் போய்வருவது 14 வருடப் பழக்கம். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலை, சில வருடங்கள் இமயமலை. கிளம்புவதற்கு முன் பெற்றோர் என்னிடம் கேட்பது பாம்பைப் பற்றியும் யானையைப் பற்றியும்தான். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் என் மருந்துப் பெட்டியைத் திறக்கவைத்தவை வேறு: வெளியே சொல்லாத தலைவலி, குடிக்காத தண்ணீர், மறைத்துவைத்த மாத்திரை. இவற்றில் ஒன்றாவது ஒருநாள் முன்னதாக என் காதுக்கு வந்திருந்தால் பெட்டியைத் திறக்கவேண்டியே வந்திருக்காது.

அந்தத் தட்டின் கதைக்கு வருகிறேன். இமாச்சலத்தில் ஹம்ப்டா கணவாய்க்குப் போயிருந்தோம். கணவாயின் உயரம் சுமார் 4,270 மீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து ரயிலேறிய பிள்ளைகள், மணாலியில் 2,000 மீட்டர் சொச்சத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு மேலே நடக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் கூடாரம் அடித்த இடம் பாலு கா கேரா, ஏறக்குறைய 3,600 மீட்டர். சாயங்காலமே குளிர் எலும்பைத் தொட்டது. சமையல் கூடாரத்துக்கு வெளியே சின்ன ஓடை. அதில் மாணவர்கள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் டார்ச்சோடு அந்தப் பக்கம் போனபோது ஒருவன் தட்டைத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். தட்டில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு மேடம். சூப்பர் சாப்பாடு."

குழுவிலேயே அதிகம் கலாட்டா பண்ணுகிற பையன் அவன். நானும் நகர்ந்திருப்பேன். பக்கத்தில் இருந்த அவனுடைய நண்பன்தான் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னான்: "மத்தியானமும் சாப்பிடல மேடம். நேத்துலேர்ந்து தலைவலின்னு பாரசிட்டமால் போட்டுக்கிட்டே இருக்கான்."

உயரமான இடத்தில், அதாவது 2,500 மீட்டருக்கு மேல், தலைவலியோடு பசியின்மையோ குமட்டலோ தலைசுற்றலோ அசதியோ சேர்ந்தால் அதை உயரநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை. தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். தள்ளாடாமல் நடந்தான். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் அந்த இருட்டிலேயே கீழே இறக்கியிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அது நுரையீரல் சம்பந்தப்பட்டது, அதற்கும் இறங்குவதுதான் வைத்தியம். அவனுக்கு அதுவும் இல்லை. இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்த்தேன். விடிந்ததும் வாந்தி எடுத்தான். இனி மேலே போகக்கூடாது. ஒரு உதவி வழிகாட்டியோடு அவனை 3,100 மீட்டரில் இருந்த முந்தைய முகாமுக்கு இறக்கிவிட்டோம். அன்று சாயங்காலம் அங்கே இரண்டு தட்டு ராஜ்மா சாதம் சாப்பிட்டானாம்.

அவன் ஏன் சொல்லவில்லை என்பதைப் பிறகு கேட்டேன். வீராப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அவன் சொன்னது வேறு: "எல்லாரும் ஒரு வருஷமா காசு சேர்த்தாங்க மேடம். என்னால மொத்தப் பேரும் திரும்பணுமேன்னு..." அந்த எண்ணம் அவனாக வரவழைத்துக்கொண்டது இல்லை. கிளம்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில், ஒற்றுமை வரட்டும் என்று பேராசிரியர் ஒருவர், "ஒருத்தர் திரும்பினா எல்லாரும் திரும்பணும், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று பேசியிருந்தார். நானும் கைதட்டினேன். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். அதுதான் அந்தப் பையனின் வாயைக் கட்டிப்போட்டது.

அதற்குப் பிறகு நான் போகும் எந்தக் குழுவிலும் முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் இறங்க வேண்டி வந்தால், அவரோடு இறங்குவதற்கென்றே ஒரு பெரியவர் இருக்கிறார், மற்றவர்கள் தொடர்வார்கள். சும்மா பேச்சுக்காக இல்லை. அந்த ஆளை நிற்கவைத்து முகத்தைக் காட்டுகிறோம். அப்படி ஓர் ஆளை உபரியாகக் கூட்டிப்போகச் செலவு ஆகும்தான். அந்தச் செலவுக்கு வழியில்லாத குழு இமயமலைக்குப் போகவேண்டாம் என்பது என் கருத்து. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள் தங்குவதும் நல்லது. விடுமுறை நாட்களை எண்ணி இறுக்கிப் போட்ட திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது அந்த ஒரு நாள்தான்.

உயரம் இல்லாத நம் மலைகளில் வேறு மாதிரி. போடி பக்கம் ஒரு நடையில் முதலாண்டு மாணவி ஒருத்தி பத்தரை மணிக்கே மயங்கிச் சாய்ந்தாள். நாடி படபடவென்று ஓடியது, உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், மூடியின் சீல்கூட உடையவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் காபி குடித்தவள், அதன்பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் சிறுநீர் கழிக்க எங்கே போவது என்று தெரியாததால் குடிக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அன்று என்னோடு வந்த மற்ற பெண்களைத் தனியாக விசாரித்தேன். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு பெண், மருத்துவர், அவர்களோடுதான் நடக்கிறேன். என்னிடமே யாரும் சொல்லவில்லை!

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று கத்திப் பயனில்லை என்று அன்று புரிந்தது. இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, பத்து நிமிடம் நிற்கிறோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஒரு தார்ப்பாயும் கயிறும் எப்போதும் என் பையில் இருக்கும்; மரத்துக்கு மரம் கட்டினால் மறைப்பு ரெடி. குழிதோண்ட ஒரு சின்னக் களைக்கொத்து, நாப்கினைச் சுற்றித் திரும்ப எடுத்துவர காகிதமும் பையும். நாப்கின் முதலுதவிப் பெட்டியின் மேல்தட்டில், பேண்டேஜ் பக்கத்திலேயே இருக்கும். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ஆண் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டேதான் முதல் நாள் விளக்குகிறேன். ஐந்து நிமிடம் நெளிவார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

மருத்துவப் படிவம் இன்னொரு தலைவலி. "ஏதேனும் நோய் உண்டா? ஆம் / இல்லை" என்று அச்சடித்துக் கொடுத்தால் எல்லாருமே 'இல்லை'யில்தான் டிக் அடிப்பார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் பெற்றோரும் அதையேதான் செய்தார்கள். விஷயம் தெரிந்தால் கூட்டிப்போக மாட்டார்கள், கல்லூரி முழுக்கப் பரவிவிடும் என்ற பயம். இப்போது கேள்வியை மாற்றிவிட்டோம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் என்ன? கடைசியாக எப்போது இன்ஹேலர் எடுத்தீர்கள்? கடைசியாக ஆஸ்பத்திரியில் தங்கியது எதற்காக? படிவம் வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போடுகிறேன். படிவத்தில் இல்லாதது போனில் வரும். ஆஸ்துமா இருந்தால் தடை இல்லை, இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை குளிர்காலை நேரத்தில் ஒரு பையனுக்கு இழுப்பு வந்து, "இன்ஹேலர் எங்கப்பா?" என்றால், "பஸ்ல பெரிய பையில இருக்கு மேடம்" என்றான். பஸ் நின்றிருந்த இடம் ஏழு கிலோமீட்டர் தள்ளி, கீழே. என்னிடம் ஒன்று உபரியாக இருந்தது, பிழைத்தோம்.

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர்களின் மௌனம். பெரியவர்களும் பேசாமல் இருப்போம். நானும் இருந்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையில், ஐப்பசி மாதம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பளியர் பழங்குடிச் சமூகத்துப் பெரியவர். அருவிக்குப் போகும் வழியில் ஓர் ஓடை, முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. தாண்டுவதற்கு முன் அவர் மேற்கே உச்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மேல மழை பிடிச்சிருக்கு டாக்டரம்மா." அவ்வளவுதான் சொன்னார். எனக்கும் அந்தக் கருமுகில் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் குழுத் தலைவர் என்னைவிட மூத்த பேராசிரியர். அருவியைக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் தாண்டியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் தலைக்கு மேலே ஒரு தூறல்கூட இல்லை. ஓடை மட்டும் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. உள்ளே கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் தரை வழியாகக் கேட்டது. கலங்கல், மிதந்துவரும் சருகு, மாறிய சத்தம். இந்த மூன்றும் காட்டாறு பெருகுவதன் அடையாளம், கரையிலிருந்து விலகி மேட்டில் ஏற வேண்டும். இரண்டு பையன்கள் கைகோத்து இறங்கிவிடலாம் என்று ஷூவைக் கழற்றத் தொடங்கினார்கள். பெரியவர் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "ஒருத்தரும் இறங்கப்படாது" என்றார். அன்று முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. நாலு மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம். வடிந்த பிறகு, இருட்டில், கயிறு பிடித்துத் தாண்டினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நாலு மணி நேரத்தை நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் எப்படி ஏறும் என்பதற்கு 2014 ஜூன் 8-ஐ மறக்க முடியாது. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள், இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். நின்றுகொண்டிருப்பது அணைக்குக் கீழே என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு உரிய நேரத்தில் உரக்கச் சொல்ல ஆள் இல்லை.

சொன்ன பிறகும் கேட்காமல் போனதற்கும் உதாரணம் உண்டு. 1993 மார்ச் 22-இல் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில், பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் ஆசிரியரோடும் இரண்டு பயிற்றுநர்களோடும் சிறு படகுகளில் கடலில் இறங்கினார்கள். நாலு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அவர்களைக் கூட்டிப்போன சாகச மையத்தில் பாதுகாப்பு போதாது என்று, முந்தைய ஆண்டே அங்கே வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள் விலகிப்போய்க் கடிதமும் எழுதியிருந்தார்கள். மையத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-இல் சிறுவர்களுக்கான சாகச மையங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நான்கு உயிர்கள் போன பிறகுதான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு வந்தது.

நம் பக்கம் குரங்கணி. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் அதிகம். காய்ந்த புல்லில் தீ மலைச்சரிவின் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. மார்ச் மாதத்தில் புல் காய்ந்த சரிவுக்கு ஏன் போகிறோம் என்பது ஊரிலேயே, தேதி குறிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, மலைக்கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. அனுமதி வாங்காமல் 'தெரிந்த ஆள்' மூலமாகக் காட்டுக்குள் கூட்டிப்போகும் கல்லூரிகளும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் உள்ளே இருப்பது வனத்துறைக்கே தெரியாது என்றால், தேடி வரவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓடைக்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதல் நாள் இரவே எழுதி எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புவோம். வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கலாம், வாதாட முடியாது. அதை அவர் முன்னாலேயே, பேராசிரியர்களையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பெரியவர் அன்று என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கினாரே, அது அவர் தவறில்லை. படித்தவர்கள் கூட்டத்தில் அதற்குமேல் பேச அவருக்கு நாங்கள் இடம் வைத்திருக்கவில்லை.

இப்போது "ஓகேயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, நிற்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி. "கடைசியா எப்ப யூரின் போன? என்ன கலர்ல?" "காலை எதைச் சாப்பிட்டே, எவ்வளவு மிச்சம் வெச்சே?" "கால்ல எந்த விரல் வலிக்குது?" இதற்கெல்லாம் ஓகே என்று பதில் சொல்ல முடியாது. ராத்திரி வட்டமாக உட்காரும்போது, இன்று எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று கேட்பேன். முதலில் நான் பயந்த இடத்தைச் சொல்வேன்.

போன டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் ஒரு நடை. ஏறத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. வரிசையின் நடுவிலிருந்து ஒல்லியான பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மேடம், ஷூ கடிக்குது." முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரையும் நிறுத்தி அவளைப் பாறையில் உட்காரவைத்தேன். சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது, இன்னும் கொப்புளம் எழும்பவில்லை. துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பையன், "மேடம், எனக்கும்" என்றான். அப்புறம் இன்னொருத்தி. யாரோ கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து வரிசையில் அனுப்பினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது, ஏழு பேர் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.